காய்ச்சல் காய்கிறது: கிருமியா, லூபஸா?



மாரி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊர்களில் காய்ச்சல் இல்லாத வீடு குறைவு. ஒரு வீட்டில் பிள்ளைக்கு, அடுத்த வீட்டில் அம்மம்மாவுக்கு என்று மாறி மாறி வரும். கொத்தமல்லி அவித்துக் குடித்து, இரண்டு பனடோல் போட்டு, நாலு நாள் படுத்து எழும்பினால் பலருக்கும் மாறிவிடும். ஆனால் லூபஸ் என்ற வருத்தம் உள்ள ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அதை அப்படிக் கடத்திவிட முடியாது. அவளுடைய காய்ச்சலுக்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வெளியிலிருந்து புகுந்த கிருமி. மற்றது, உள்ளே அடங்கியிருந்த லூபஸ் மீண்டும் கிளம்பியது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதை மோசமாக்கவும் கூடும். ஆகவேதான் இம்மாதம் இதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நான் வைத்தியர் அல்ல. கிராமங்களில் வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளர். இங்கே எழுதுவதை வைத்து நீங்களே மருந்தைத் தீர்மானிக்க வேண்டாம். எப்போது, எதைச் சொல்லிக்கொண்டு வைத்தியரிடம் போகவேண்டும் என்று அறிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

லூபஸ் என்பது என்ன?

வைத்தியசாலைக் கொப்பியில் 'எஸ்.எல்.ஈ.' என்று எழுதியிருப்பார்கள். கிருமிகளை எதிர்த்து எங்களைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி எங்கள் உடலையே தாக்குவதுதான் இந்த வருத்தம். வேலி காக்க வளர்த்த நாய் வீட்டுக்காரரையே கடிப்பது போன்றது. தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம், நுரையீரலையும் இதயத்தையும் மூடியுள்ள உறைகள், மூளை என்று எந்த உறுப்பையும் இது தொடலாம். இந்த வருத்தம் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்களே அதிகம். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. முற்பிறப்புப் பாவமோ, யாரும் செய்துவிட்ட சூனியமோ அல்ல.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இந்நோயாளரிடம் காணப்படும் ஒருவகைக் கலத்தைக் கண்டு விபரித்த பின்னர்தான் இதை இரத்தத்தில் தேடிக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. அதே காலத்தில் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் பாவனைக்கு வந்தது. அதற்காக 1950இல் மூன்று பேருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று எங்கள் கிளினிக்குகளில் தரும் பிரெட்னிசலோன் குளிசை அந்த வழியில் வந்ததே. இந்த மருந்துகள் வந்தபின் லூபஸ் உள்ளவர்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கினார்கள். ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதே இம்மருந்துகளின் வேலை. அடக்கும்போது கிருமிக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. லூபஸ் உள்ளவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதற்கும் உயிரிழப்பதற்கும் கிருமித்தொற்று இன்றும் முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இரண்டும் ஏன் ஒன்றுபோலத் தெரிகின்றன?

காய்ச்சல், உடல் நோ, களைப்பு, பசியின்மை, மூட்டு உளைவு ஆகிய எல்லாம் இரண்டிலும் வரும். லூபஸ் நுரையீரல் உறையைத் தாக்கினாலும் மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்தும். நியூமோனியா வந்தாலும் குத்தும். போதாக்குறைக்கு, ஸ்டீரொயிட் எடுப்பவரின் உடல் காய்ச்சலை முழுமையாகக் காட்டாது. மற்றவருக்கு 103 பாகை காயும் தொற்று, இவருக்கு 100 பாகையோடு நின்றுவிடலாம். வயிற்றுக்குள் பெரிய தொற்று இருந்தாலும் நோ குறைவாகத் தெரியலாம். ஆகவே "சின்னக் காய்ச்சல்தானே" என்று இருந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. கிருமித்தொற்றே லூபஸைக் கிளப்பிவிடலாம். அப்போது இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அனுபவமுள்ள வைத்தியர்களுக்கும் இதைப் பிரித்தறிவது எளிதல்ல. ஒரே ஒரு பரிசோதனையைப் பார்த்து அவர்கள் முடிவு சொல்வதில்லை. பல அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தே சொல்கிறார்கள்.

கிருமியின் பக்கம் சாயும் அறிகுறிகள்

திடீரெனக் குளிர்ந்து, பல் கிடுகிடுக்க உடல் நடுங்கி வரும் காய்ச்சல். சளியோடு இருமல். சலம் கழிக்கையில் எரிவு, அடிக்கடி சலம் போதல், விலாப்பக்க நோ. வயிற்றோட்டம். சிவந்து, சூடாகி, சீழ் வைக்கும் புண். ஒரேயொரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சுடுதல். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசையாக எழும் நீர்க் கொப்புளங்கள், அதாவது அக்கி. பிரெட்னிசலோனை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்தால் கிருமியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் லூபஸால் வரும் காய்ச்சலை அந்த மருந்து பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கும்.

லூபஸின் பக்கம் சாயும் அறிகுறிகள்

முகத்தில் கன்னங்களிலும் மூக்கிலும் புதிதாகச் சிவப்புப் படர்தல். கொத்துக் கொத்தாகத் தலைமயிர் உதிர்தல். வாய்க்குள் நோவில்லாத புண். இரு கைகளிலும் பல மூட்டுக்கள் ஒன்றாக வீங்கி, காலையில் விறைத்துப் போதல். சலம் நுரைத்துப் போதல், கால்களும் முகமும் வீங்குதல். முன்னர் வருத்தம் கிளம்பியபோது எப்படித் தொடங்கியதோ அதே மாதிரியே இப்போதும் தொடங்குதல். அண்மையில் குளிசையை விட்டிருந்தாலோ, கிளினிக்கில் அளவைக் குறைத்திருந்தாலோ, வயலிலும் கடற்கரையிலும் கடும் வெயிலில் நின்றிருந்தாலோ இதற்கு இடமுண்டு.

இவை சாய்வைத்தான் காட்டும். முடிவைச் சொல்ல இரத்தமும் சலமும் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதனைகள் என்ன சொல்கின்றன?

"இவ்வளவு இரத்தம் எடுக்கிறார்கள், என்னத்துக்கு என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை" என்று பல சகோதரிகள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவற்றுள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வெண்குருதிக் கலங்கள் கிருமித்தொற்றில் பொதுவாகக் கூடும். லூபஸ் கிளம்பினால் பொதுவாகக் குறையும். ஆனால் ஸ்டீரொயிட் மருந்தும் அவற்றைக் கூட்டிக் காட்டும்; வைரசுக் காய்ச்சல்களில் அவை குறையவும் செய்யும்.

ஈ.எஸ்.ஆர். என்பது இரண்டிலும் கூடும். ஆகவே அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சி.ஆர்.பி. என்பது சற்று உதவியானது. கிருமித்தொற்றில் இது நன்றாக உயரும். லூபஸ் கிளம்பும்போது ஈ.எஸ்.ஆர். உயர்ந்தாலும் சி.ஆர்.பி. அவ்வளவாக உயராமல் இருப்பது வழமை. இதற்கும் விதிவிலக்கு உண்டு: லூபஸ் நுரையீரல் உறையையோ இதய உறையையோ மூட்டுக்களையோ கடுமையாகத் தாக்கினால் சி.ஆர்.பி.யும் உயரலாம்.

சி3, சி4 என்பன எதிர்ப்புச் சக்தி பயன்படுத்தும் புரதங்கள். லூபஸ் கிளம்பும்போது இவை செலவாகிக் குறைந்துவிடும். கிருமித்தொற்றில் பெரும்பாலும் குறையாது. அத்தோடு டி.என்.ஏ.க்கு எதிரான பிறபொருளெதிரியின் அளவு கூடியிருந்தால் லூபஸின் பக்கம் சந்தேகம் வலுக்கும். உங்கள் பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் இவற்றுக்குப் பொருள் உண்டு. பழைய றிப்போட்டுகளைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

சலத்தில் புரதமும் செங்குருதிக் கலங்களும் போனால் லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம். சலத்தில் சீழ்க்கலங்களும் கிருமியும் இருந்தால் தொற்று. இரத்தத்தையும் சலத்தையும் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் 'கல்ச்சர்' பரிசோதனைக்குச் சில நாட்கள் எடுக்கும். அன்ரிபயோட்டிக் தொடங்குவதற்கு முன்பே அதற்கு இரத்தம் எடுப்பதுதான் நல்லது. நாங்களாகவே வாங்கி நாலு குளிசை விழுங்கிவிட்டுப் போனால் கிருமி வளராமல் விடலாம். நோயும் மறைந்திருந்து ஏமாற்றும்.

எங்கள் ஊர்க் காய்ச்சல்கள்

எங்கள் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கு வந்தாலும் காய்ச்சல், மூட்டு நோ, தோலில் சிவப்பு, வெண்குருதிக் கலங்கள் குறைதல், குருதிச் சிறுதட்டுக்கள் குறைதல் ஆகியன வரும். லூபஸ் கிளம்பினாலும் இதே பட்டியல்தான். 2017இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு ஏற்பட்டது நினைவிருக்கும். டெங்கில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போவோம்" என்று நிற்கவேண்டாம். புரூபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் போன்ற நோக்குளிசைகளை டெங்குச் சந்தேகத்தில் தொடக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் எடுத்துவரும் லூபஸ் நோயாளர் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

வயலில் இறங்குபவர்களுக்கும் வெள்ளநீரில் நடப்பவர்களுக்கும் எலிக்காய்ச்சல் வரலாம். 2008இல் நாடெங்கும் 7,000 இற்கும் மேற்பட்டோருக்கு இது ஏற்பட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சலும் எலிக்காய்ச்சலே எனக் கண்டறியப்பட்டது. கெண்டைக்கால் தசை நோ, கண் சிவத்தல், சலம் குறைதல் என்பன அதில் காணப்படும். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கியதா, எலிக்காய்ச்சல் தாக்கியதா என்று அங்கேயும் குழப்பம் வரும். "நான் வயலுக்குப் போனேன்" என்ற ஒரு சொல் வைத்தியருக்குப் பெரிய உதவியாக அமையும்.

பின்னேரங்களில் மட்டும் காயும் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சயரோகத்தையும் நினைக்கவேண்டும். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் இதற்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

யுத்தம் விட்டுச்சென்ற காயங்கள்

எங்களில் பலரின் உடலில் யுத்தம் இன்னும் இருக்கிறது. செல் துண்டுகளைச் சுமந்தபடி இருப்பவர்கள், கால் இழந்து பொய்க்கால் போடுபவர்கள், வயிற்றுக் காயத்துக்கு அவசர சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று பலர் உள்ளனர். இவர்களில் ஒருவருக்கு லூபஸும் இருந்தால் காய்ச்சல் நேரத்தில் மூன்று இடங்களைப் பார்க்க மறக்கக்கூடாது.

முதலாவது, பொய்க்கால் உரசும் இடத்தில் தோல் உரிந்திருக்கிறதா என்று. ஸ்டீரொயிட் எடுப்பவருக்குப் புண் ஆறுவது தாமதம். சிறு உரசலும் சீழ் வைத்துவிடும். இரண்டாவது, செல் துண்டு உள்ள இடம் புதிதாக வீங்கி நோகிறதா என்று. மூன்றாவது மிக முக்கியமானது: காயத்தின்போது மண்ணீரல் அகற்றப்பட்டதா என்று. மண்ணீரல் இல்லாதவருக்குச் சில கிருமிகள் ஒரே நாளில் இரத்தம் முழுவதும் பரவிவிடலாம். அவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே, அந்த நேரமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இடப்பெயர்வில் வைத்தியக் குறிப்புகள் தொலைந்து, வயிற்றில் என்ன எடுத்தார்கள் என்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் நீளத் தழும்பு உள்ளவர்கள் அடுத்த கிளினிக்கில் அதைக் காட்டிக் கேளுங்கள். ஸ்கான் செய்தால் தெரிந்துவிடும். மண்ணீரல் இல்லாதவர்களுக்குத் தனியான தடுப்பூசிகளும் உண்டு.

நாங்கள் ஏன் பிந்திப் போகிறோம்?

வன்னியில் நான் அறிந்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன். 2009இல் கணவர் காணாமற்போனவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். லூபஸுக்குக் கிளினிக் மருந்து எடுப்பவர். ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, முன்னர் வருத்தம் கிளம்பிய நேரம் டொக்டர் பிரெட்னிசலோனைக் கூட்டித் தந்தது அவருக்கு நினைவு வந்தது. வீட்டில் மிச்சமிருந்த குளிசைகளை எடுத்துத் தானே இரட்டிப்பாக்கிப் போட்டார். முதல் நாள் சுகம்போல இருந்தது. மூன்றாம் நாள் இரவு உடல் தூக்கித் தூக்கிப் போட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் கேட்டாராம்: "பிள்ளை, முந்தி உனக்கு இந்த வருத்தம் கிளம்பேக்கை இப்பிடிக் குளிரி நடுங்கினதோ?"

"இல்லை பெரியம்மா. முந்தி மூட்டுத்தான் வீங்கினது."

"அப்ப இது அது இல்லை. எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம். பிள்ளையளை நான் பார்க்கிறன்."

1990 அம்புலன்சில் கொண்டுபோனார்கள். சலத்தில் தொடங்கிய தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்திலும் கலந்திருந்தது. இரண்டு கிழமை வாட்டில் இருந்து சுகமாகி வந்தார். அவர் தானே கூட்டிய குளிசை, கிருமிக்குத்தான் துணை நின்றது.

இதற்கு எதிர்மாறாகவும் நடப்பதுண்டு. இன்னொரு இளம்பெண், காய்ச்சல் வந்துவந்து போக, ஒரு மாதத்துக்குள் மூன்றுமுறை பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போட்டார். சலம் நுரைத்ததையும் கால் வீங்கியதையும் யாரிடமும் சொல்லவில்லை. கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், வருத்தக்காரி என்று தெரிந்துவிடும் என்ற பயம். அவருக்குக் கிருமியே இல்லை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது. கிளினிக்குக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மாதம் வீணாகியிருந்தது.

இரண்டு பேரும் அறிவு குறைந்தவர்கள் அல்லர். ஒருவருக்குப் பிள்ளைகளை விட்டுப்போக ஆளில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மற்றவருக்கு ஊர்வாய். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் அம்மா படுத்தால் அடுப்பும் படுத்துவிடும் என்பதால், தன் காய்ச்சலைக் கடைசியாகப் பார்ப்பது பெண்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இதை அறிவுரை சொல்லி மட்டும் மாற்ற முடியாது. அந்தப் பெரியம்மா சொன்ன "பிள்ளையளை நான் பார்க்கிறன்" என்ற சொல்தான் உயிரைக் காத்தது. உங்கள் மாதர் சங்கத்தில் லூபஸ், நீரிழிவு, இருதய நோய் உள்ள சகோதரிகள் இருந்தால், அவசரத்துக்கு யார் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை.

மனதில் வைத்திருக்க வேண்டியவை

1. வீட்டில் ஒரு வெப்பமானி வைத்திருங்கள். 100.4 பாகை பரனைற்றும் அதற்கு மேலும் என்றால், லூபஸ் உள்ளவர் அன்றைக்கே வைத்தியரைக் காணவேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும் உடல் நடுங்கினாலோ, மிகவும் சோர்ந்தாலோ போகவேண்டும்.

2. மூச்சு முட்டு, மயக்கம், மாறாட்டம், வலிப்பு, கழுத்து விறைப்போடு தலையிடி, நிற்காத சத்தி, சலம் போகாமை, இரத்தம் கசிதல் என்பவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த அம்புலன்ஸ் சேவைக்குப் பணமில்லை.

3. பிரெட்னிசலோனைத் தானாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென நிறுத்தவும் வேண்டாம். நீண்டகாலம் எடுத்தவர் சடுதியாக நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தி எடுத்துக் குளிசை தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; ஊசியாக ஏற்றவேண்டி வரும்.

4. அசதியோபிரின், மைக்கோபினோலேற் போன்ற மருந்துகளைக் காய்ச்சல் முடியும்வரை நிறுத்தி வைப்பதா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஆகவே எடுக்கும் எல்லா மருந்துகளையும் பையோடு கொண்டுபோங்கள். ஹைட்ரொக்சிகுளோரோகுயினைச் சுகமாக இருக்கும் நாட்களிலும் விடாமல் எடுங்கள். லூபஸ் கிளம்புவதைக் குறைக்கும் மருந்து அது.

5. ஓ.பி.டி.யில் இருக்கும் வைத்தியருக்கு உங்களைத் தெரியாது. "எனக்கு லூபஸ், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறேன்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். சல்பா மருந்துகள் லூபஸ் உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு ஏதும் மருந்து ஒவ்வாமல் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது மாதவிலக்குத் தள்ளிப் போயிருந்தால் மறைக்க வேண்டாம்.

6. ஒரு சிறு கொப்பியில் காய்ச்சல் தொடங்கிய நாள், காய்ந்த அளவு, நேரம், நடுக்கம் வந்ததா, சலம் எப்படி, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். முன்னர் வருத்தம் எப்படித் தொடங்கியது என்பதை அதன் முதற்பக்கத்தில் குறித்து வைத்தால் போதும். வைத்தியருக்கு அது பாதி விடை.

7. சுகமான நாட்களில் பல்லையும் முரசையும் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். நுளம்பு வலை போடுங்கள். தடுப்பூசி எதுவும் போடுவதற்கு முன் கிளினிக்கில் கேளுங்கள். இன்புளுவென்சா, நியுமோகொக்கஸ் ஊசிகள் நன்மை தரும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்குப் பொதுவாக ஆகாது.

வைத்தியசாலையில் முதலில் அன்ரிபயோட்டிக் ஏற்றிவிட்டு, பரிசோதனை முடிவுகளைப் பார்த்தபின் லூபஸ் மருந்தைக் கூட்டுவார்கள். சில நேரம் இரண்டையும் ஒன்றாகவே தருவார்கள். இதைக் கண்டு "டொக்டருக்கே என்ன வருத்தம் என்று தெரியவில்லை" என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முடிவுகள் வரும்வரை உயிரைக் காத்து வைத்திருக்கும் வழி அது. விளங்காவிட்டால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், உங்கள் ஒழுங்கையில் இந்த வருத்தம் உள்ள ஒருவர் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாசிக்க இயலாதவர் என்றால் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். அப்படியே, காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடு என்றும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.